முள்ளங்கிக் கத்தியின் சரித்திரம்

கதை எழுதிப் பிழைக்கிறவர்களாகிய நாங்கள் சரித்திரத்தின் பக்கம் போகும்போது, மாந்தோப்புக்குள் புகுந்த சிறுவனைப் போலத்தான் நடந்துகொள்ளுகிறோம். கண்ணுக்கு அழகாகச் சிவந்து தொங்கும் பழத்தைப் பறித்துக்கொண்டு ஓடி வந்துவிடுகிறோம். மரம் யாருடையது, அதற்குத் தண்ணீர் ஊற்றியவன் யார் என்று கேட்பதில்லை. அப்படி நான் பறித்துக்கொண்டு வந்த பழம் ஒன்றைப் பற்றி இங்கே சொல்லவேண்டியிருக்கிறது. சொல்லுவது என்பதைவிட, ஒப்புக்கொள்ளுவது என்பதே பொருத்தம்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு விசேஷ மலருக்காக ஜப்பான் தேசத்தைக் களமாக வைத்து ஒரு சிறுகதை எழுதினேன். நடக்கும் வருஷம் 1876. தலைமுறை தலைமுறையாக வாள் அடிக்கும் குடும்பத்தில் ஒரு கிழவன். இனிமேல் யாரும் இடுப்பில் வாள் தரித்து வெளியே வரக்கூடாது என்று அரசாங்கம் உத்தரவு போட்டுவிட்ட செய்தி அவனுக்கு வருகிறது. சம்மட்டியைக் கிணற்றில் வீசிவிடப் போகிறான். அந்தச் சமயம் பார்த்து மருமகள் கையில் ஒரு முள்ளங்கியோடு வந்து நிற்கிறாள். "மாமா, இதை நறுக்க நல்ல கத்தி ஒன்று இல்லையே!" என்கிறாள். கிழவன் அழுகிறான். அழுது முடித்ததும் உலையை மூட்டுகிறான். ஜப்பானியச் சமையற்கத்தி அவதாரம் செய்கிறது. சுபம்.

கதைக்கு நல்ல பெயர் கிடைத்தது. அந்த மருமகளுக்காகக் கண்ணீர் விட்டதாகச் சில சகோதரிகள் எழுதியிருந்தார்கள். நானும் தலையைச் சற்று நிமிர்த்திக்கொண்டு நடந்தேன். ஒரு மாதம் கழித்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் யந்திரங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் வேலையாக ஒஸாகா நகரத்தில் பல வருஷங்கள் இருந்த தமிழர். கடிதம் நான்கே வரிதான். கதை நன்றாக இருப்பதாகவும், ஒரே ஒரு சந்தேகம் என்றும் எழுதியிருந்தார். 1876-க்கு முந்திய ஆயிரம் வருஷமாக ஜப்பானியப் பெண்கள் முள்ளங்கியைப் பல்லால் கடித்தா பாத்திரத்தில் போட்டார்கள்?

அதுதான் சந்தேகம்.

எனக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு சிரிப்பு வந்தது. கடைசியில் வெட்கம் வந்தது. வெட்கம் வந்தால் மனிதன் படிக்க ஆரம்பிக்கிறான். நானும் ஆரம்பித்தேன்.

ஜப்பானிய மொழியில் சமையற்கத்திக்கு 'ஹோச்சோ' என்று பெயர். இந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனால், அது நம்மைச் சீன தேசத்துக்குக் கொண்டுபோய் விடுகிறது. சுவாங்ஸு என்ற சீன ஞானியின் நூலில் ஒரு சமையற்காரன் வருகிறான். அவன் பெயர் டிங். மன்னனுக்கு முன்னால் ஒரு மாட்டை அறுத்துக் கூறு போடுகிறான். சாதாரணச் சமையற்காரன் மாதம் ஒரு கத்தி மாற்றுவான். கெட்டிக்காரன் வருஷத்துக்கு ஒன்று மாற்றுவான். இவனுடைய கத்தியோ பத்தொன்பது வருஷமாக அன்று தீட்டியது போலவே இருக்கிறது. எலும்பை வெட்டாமல், எலும்புக்கும் எலும்புக்கும் நடுவே இருக்கிற வெற்றிடத்திலே கத்தியைச் செலுத்துவதுதான் ரகசியம் என்கிறான். வாழ்கிற வழியையே இவனிடம் கற்றுக்கொண்டேன் என்று மன்னன் சொல்வதாகக் கதை முடிகிறது. சமையற்கூடத்தைக் குறிக்கும் எழுத்தும் 'டிங்' என்ற பெயரும் சேர்ந்த சொல்லை ஜப்பானியர்கள் தங்கள் உச்சரிப்பில் 'ஹோச்சோ' என்று படித்தார்கள். முதலில் அது சமையற்காரனைக் குறித்தது. பிறகு அவன் கத்தியைக் குறித்தது. கடைசியில் ஆள் மறைந்து கத்தி மட்டும் நின்றுவிட்டது.

ஆக, பெயரிலேயே கத்தியின் மூலபுருஷன் யார் என்று எழுதி வைத்திருக்கிறது. அவன் போர்வீரன் அல்ல. சமையற்காரன்.

நாரா நகரத்தில் 'ஷோஸோயின்' என்று ஒரு மரக் களஞ்சியம் இருக்கிறது. எட்டாம் நூற்றாண்டுச் சக்கரவர்த்தி ஒருவரின் உடைமைகளைக் காத்து வைத்திருக்கும் இடம் அது. அங்கே உள்ள பொருள்களில் சமையற்கத்திகளும் உண்டு. ஒடுக்கமாக, நீளமாக, சிறிய வாளைப் போலவே இருக்கும். ஒன்பதாம் நூற்றாண்டில், 884 முதல் 887 வரை ஆண்ட கோகோ சக்கரவர்த்தியின் காலத்தில், கத்தியை வைத்து ஒரு சடங்கே ஏற்பட்டது. சமையல் வல்லவர் பிரபுக்களின் உடையணிந்து, பலகையின் முன் அமர்ந்து, வலது கையில் கத்தியும் இடது கையில் உலோகக் குச்சிகளுமாக, மீனைக் கையால் தொடாமலே அறுத்து அடுக்கிக் காட்டவேண்டும். இந்தச் சடங்கை இன்றைக்கும் நடத்திக் காட்டுகிறார்கள். என் கதையில் வந்த கிழவன் பிறப்பதற்குச் சுமார் ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே சமையற்கத்திக்கு இத்தனை மரியாதை!

சரி, அரண்மனைக் கத்தி இருக்கட்டும். ஊர் ஜனங்களுக்குக் கத்தி எங்கிருந்து வந்தது? இந்தக் கேள்வி என்னை ஒஸாகாவுக்குத் தெற்கே அடுத்தாற்போல் இருக்கும் ஸகாய் என்ற துறைமுகத்துக்குக் கொண்டு சென்றது.

ஸகாயின் கதை மண்வெட்டியில் தொடங்குகிறது. ஐந்தாம் நூற்றாண்டில் அங்கே சக்கரவர்த்திகளுக்கும் பிரபுக்களுக்கும் மலைபோல் சமாதி மேடுகள் எழுப்பினார்கள். அவற்றில் பெரியது நின்தொகு சக்கரவர்த்தியினுடையது என்று சொல்லப்படும் மேடு. நீளம் சுமார் 486 மீட்டர். மேலிருந்து பார்த்தால் சாவித் துவாரம் போல இருக்கும். இந்த மேடுகளின் தொகுதியை 2019-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தார்கள். அத்தனை மண்ணையும் வெட்டிச் சுமக்க எத்தனை மண்வெட்டி வேண்டும்! அவற்றை அடிப்பதற்காக வந்த கொல்லர்கள் அங்கேயே தங்கிவிட்டார்கள் என்பது ஸகாய்க்காரர்கள் சொல்லும் பரம்பரைச் செய்தி.

பிறகு அது பெரிய வணிகத் துறைமுகமாயிற்று. தேநீர்க் கலையின் மகா ஆசான் என்று ஜப்பான் கொண்டாடும் ஸென் நோ ரிக்யூ 1522-ல் பிறந்தது இந்த ஊரில்தான். நமக்குக்கூட ஒரு சிறு உறவு உண்டு. 1542-ல் நம் முத்துக்குளித்துறைக்கு வந்து, மணப்பாட்டிலும் தூத்துக்குடிப் பக்கத்து மணல்வெளிகளிலும் பரதவர்களோடு பரதவராக நடந்து திரிந்த சவேரியார், 1549-ல் ஜப்பானில் கரையிறங்கினார். அடுத்த குளிர்காலத்தில் கியோத்தோவுக்குப் போகிற வழியில் அவர் வந்து சேர்ந்த ஊர் ஸகாய்.

அவருக்கு ஆறு வருஷம் முன்னதாக, 1543-ல், தெற்கே தானேகாஷிமா என்ற தீவில் ஒதுங்கிய கப்பலிலிருந்து போர்ச்சுகீசியர்கள் இறங்கினார்கள். அவர்களிடம் இருந்த துப்பாக்கியைத் தீவின் தலைவன் விலைக்கு வாங்கி, அதைப்போலவே செய்யச் சொல்லி உள்ளூர்க் கொல்லனிடம் கொடுத்தான். ஸகாய் வியாபாரி ஒருவர் அந்த வித்தையைக் கற்றுக்கொண்டு ஊர் திரும்பினார். சில வருஷங்களில் ஸகாய் துப்பாக்கி செய்யும் நகரமாகிவிட்டது.

போர்ச்சுகீசியர்கள் துப்பாக்கியோடு இன்னொன்றையும் கொண்டுவந்தார்கள். இந்த இரண்டாவது சரக்கைத்தான் என் கதை கோட்டை விட்டுவிட்டது. அது புகையிலை.

ஜப்பானியர் புகையிலையைச் சுருட்டாகச் சுற்றிக் குடிக்கவில்லை. 'கிசெரு' என்று ஒரு நீண்ட குழாய்; அதன் நுனியில் கடலை அளவு கிண்ணம். அதில் அடைக்கவேண்டிய புகையிலையைத் தலைமயிர் போல மெல்லியதாக அரியவேண்டும். காய்ந்த இலைகளை அடுக்கி அழுத்தி வைத்து, நொறுங்காமல், கிழியாமல், மயிரிழையாகச் சீவுவதற்கு எப்படிப்பட்ட கத்தி வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். போர்க்களத்து வாளைக்கொண்டு அதைச் செய்ய முடியாது. ஸகாய்க் கொல்லர்கள் அதற்கென்று ஒரு கத்தி செய்தார்கள். அதன் கூர்மை நாடெங்கும் பேசப்பட்டது. தொகுகாவா அரசாங்கம் அதற்கு 'ஸகாய் கிவாமே' என்ற முத்திரையைக் கொடுத்து விற்கும் உரிமையையும் காத்துக் கொடுத்தது. வெட்டுவதற்கு அல்ல, மெலிதாகச் சீவுவதற்கான கூர்மை! ஜப்பானியச் சமையற்கத்தியின் கூர்மைக்குத் தாய்வீடு எது என்று கேட்டால், போர்க்களத்தைக் காட்டுவதைவிட இந்தப் புகையிலைப் பலகையைக் காட்டுவது நியாயம்.

அதே பட்டறைகளில்தான் சமையற்கத்திகளும் பெருகின. மீனின் தலையை வெட்டும் கனமான கத்திக்கு 'தேபா' என்று பெயர். அதை முதலில் செய்த ஸகாய்க் கொல்லனுக்குப் பல் தூக்கலாக இருக்கும். 'தேபா' என்றால் தூக்குப்பல். அவன் பட்டப்பெயரே கத்திக்கும் வந்துவிட்டது என்று ஒரு வேடிக்கைக் கதை சொல்லுவார்கள். உண்மையோ பொய்யோ, பல் நீண்ட ஒரு கொல்லனின் ஞாபகம் முந்நூறு வருஷமாக எல்லா வீட்டுச் சமையலறையிலும் நடமாடுகிறது.

வடக்கே எச்சிஸென் பகுதியில் வேறு விதமான கதை. கியோத்தோவிலிருந்து நல்ல தண்ணீரைத் தேடிக்கொண்டு 1337-ல் ஒரு வாள்கொல்லர் அங்கே வந்தார் என்றும், வாள் அடித்த நேரம் போக உழவர்களுக்கு அரிவாள் அடித்துக் கொடுத்தார் என்றும் பரம்பரைச் செய்தி. ஊருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது அரிவாள்தான். அரக்கு மரங்களைக் கீறிப் பால் எடுப்பதற்காக ஊர் ஊராகப் போகும் தொழிலாளிகள் இந்த அரிவாள்களையும் மூட்டை கட்டிக் கொண்டுபோய் நாடு முழுவதும் விற்றார்கள்.

இனி, என் கதையின் உயிர்நாடியான அந்த 1876-க்கு வருவோம். மார்ச் மாதம் 28-ஆம் தேதி உத்தரவு பிறந்தது மெய். ராணுவத்தாரும் போலீஸாரும், சடங்குகளுக்கான உடையில் இருக்கும் பெரிய மனிதர்களும் தவிர மற்றவர் வாள் தரித்து வெளியே வரக்கூடாது என்றது அது. வைத்திருக்கக்கூடாது என்று அது சொல்லவில்லை. தரிக்கக்கூடாது என்றே சொல்லிற்று. அதற்கு ஐந்து வருஷம் முன்பே, 1871-ல், இஷ்டமிருந்தால் வாளைக் கழற்றிவிடலாம் என்று ஒரு உத்தரவு வந்திருந்தது. ஆகவே இடி தெளிந்த வானத்திலிருந்து விழவில்லை. மேகம் முன்னமே கறுத்திருந்தது.

அதற்கும் முன்னால் போனால் இன்னொரு வாள் வேட்டை இருக்கிறது. 1588-ல் ஹிதெயோஷி குடியானவர்களிடமிருந்த வாள், ஈட்டி, துப்பாக்கிகளையெல்லாம் பறிமுதல் செய்தான். அந்த இரும்பையெல்லாம் கியோத்தோவில் எழும்பும் பெரிய புத்தர் ஆலயத்துக்கு ஆணியாகவும் பூட்டுக் கம்பியாகவும் ஆக்கப் போவதாகப் பறையறைந்தான். உழவர்கள் கையில் உழவுக் கருவி மட்டும் இருந்தால் பிள்ளை பேரன் வரைக்கும் சுகமாக இருப்பார்கள் என்றும் உபதேசம் செய்தான். ஆக, ஜப்பானில் பெரும்பாலான ஜனங்களின் வாள் 1876-க்கு முந்நூறு வருஷத்துக்கு முன்பே போய்விட்டது. அவர்களிடம் மிஞ்சியவை அரிவாளும் மண்வெட்டியும் சமையற்கத்தியும்தான். அவற்றை அடித்துக் கொடுத்த கொல்லர்கள் அன்றைக்கும் இருந்தார்கள். 1876-க்கு மறுநாளும் வழக்கம்போல் துருத்தி ஊதினார்கள். அவர்கள் யாரும் அழவில்லை. அழாதவர்களைப் பற்றி யார் கதை எழுதுகிறார்கள்?

வாள்கொல்லர்கள் பட்ட துன்பம் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. அது மிகப் பெரிய துன்பம். பிழைப்புக்கு அரிவாளும் கத்தியும் அடிக்கப் போனவர்களும் உண்டு. செகி என்ற ஊர் வாளுக்குப் பேர்போனது. பின்னாளில் சமையற்கத்தியும் பேனாக்கத்தியும் செய்யும் ஊராக அது மாறியது உண்மைதான். மாறாமல் நின்றவர்களும் உண்டு. ஒஸாகாவில் கஸ்ஸான் ஸதாகாஸு என்று ஒருவர். 1836-ல் பிறந்தவர். உத்தரவு வந்தபோது அவருக்கு நாற்பது வயது. வாங்க ஆளில்லாத காலத்திலும் வாளையே அடித்துக்கொண்டிருந்தார். முப்பது வருஷம் கழித்து, 1906-ல், சக்கரவர்த்தியின் ஆஸ்தானக் கலைஞர் என்ற பட்டம் அவரைத் தேடி வந்தது. இந்த மனிதரைப் பற்றி நான் கதை எழுதியிருக்கலாம். ஆனால் இதில் முள்ளங்கி இல்லையே!

ஸகாய்க்கு விழுந்த அடி வேறு. வாள் உத்தரவு அல்ல அது, புகையிலை உத்தரவு. 1904-ல் ஜப்பானிய அரசாங்கம் புகையிலை உற்பத்தி முழுவதையும் தன் ஏகபோகமாக எடுத்துக்கொண்டது. ருஷ்யாவோடு யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷம், பணம் தேவைப்பட்டது. இலை அரியும் வேலை அரசாங்கத் தொழிற்சாலைக்குப் போயிற்று. அங்கே யந்திரம் அரிந்தது. புகையிலைக் கத்தி அடித்தவர்கள் முழுமூச்சாகச் சமையற்கத்தியின் பக்கம் திரும்பினார்கள். சரித்திரத்தில் உண்மையாகவே ஒரு கிழவன் சம்மட்டியோடு கிணற்றங்கரைக்குப் போயிருந்தால், அவன் இந்தக் கிழவனாகவும் இருந்திருக்கலாம்.

சமையலறையின் உள்ளேயும் ஒரு புரட்சி நடந்துகொண்டிருந்தது. 675-ல் தெம்மு சக்கரவர்த்தி, மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழி இவற்றின் மாமிசத்தை உழவு நடக்கும் மாதங்களில் உண்ணக்கூடாது என்று தடை செய்தார். அதிலிருந்து ஆயிரம் வருஷத்துக்கு மேலாக மாட்டிறைச்சி ஜப்பானியரின் பலகையில் பெரும்பாலும் ஏறவில்லை. 1872-ல் மெய்ஜி சக்கரவர்த்தி தாமே மாட்டிறைச்சி உண்டதாக ஊரறியச் செய்தி வந்தது. மேல்நாட்டுச் சமையல் வந்தது. கூடவே மேல்நாட்டுக் கத்தியும் வந்தது. அதைப் பார்த்து ஜப்பானியக் கொல்லர்கள் செய்த கத்திக்கு 'க்யூடோ', அதாவது 'மாட்டு வாள்', என்று பெயர். பெயரில்தான் வாளே தவிர, பிறப்பில் அது பிரெஞ்சு, ஜெர்மானியக் கத்திகளுக்குத் தம்பி.

ஆனாலும் வீட்டுப் பெண்களின் கையில் 'நாகிரி' என்ற கத்திதான் வெகுகாலம் இருந்தது. முனை இல்லாமல், நீள்சதுரமாக, காய்கறி நறுக்குவதற்கென்றே செய்தது. இரண்டாவது உலக யுத்தம் முடிந்த பிறகுதான் இரண்டையும் கலந்து ஒரு கத்தி வந்தது. நாகிரியின் தட்டையான வாயும், மாட்டு வாளின் முனையும் சேர்ந்தது. அதற்கு 'ஸந்தோகு' என்று பெயர் வைத்தார்கள். 'மூன்று குணம்' என்று அர்த்தம். மாமிசம், மீன், காய்கறி மூன்றுக்கும் ஒரே கத்தி. சின்ன வீடு, சின்ன அடுக்களை, எரிந்துபோன நகரங்களில் புதிதாகக் குடித்தனம் தொடங்கிய தம்பதிகள். அவர்களுக்கு மூன்று கத்தி வாங்க இடமும் இல்லை, காசும் இல்லை. இன்றைக்கு ஜப்பானிய வீடுகளில் அதிகமாகப் புழங்குவது இதுதான். உலகம் முழுவதும் 'ஜப்பானியக் கத்தி' என்று வாங்கிப் போவதும் பெரும்பாலும் இதைத்தான். ராஜகுமாரன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். விசாரித்துப் பார்த்தால், யுத்தத்தில் எல்லாம் இழந்த ஒரு குடும்பத்தின் சமர்த்தான பிள்ளை!

இவ்வளவும் படித்தபிறகு ஸகாயைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. ஒரு பிரயாணத்தின் நடுவில் இரண்டு நாள் ஒதுக்கிக்கொண்டேன். கடிதம் எழுதிய நண்பரும் வேறு காரியமாக அங்கே வந்திருந்தார். "வாங்க ஸார், முள்ளங்கிக்குப் பதில் கிடைக்கிறதா பார்க்கலாம்" என்று அழைத்துப் போனார்.

குறுகலான தெரு. வெளியிலிருந்து பார்த்தால் பழைய சாமான் கிடங்கு என்று தோன்றும். உள்ளே ஒரே இருட்டு. கண் பழகிய பிறகுதான் உலையின் முன்னால் ஒரு பெரியவர் இருப்பது தெரிந்தது. இருட்டாக வைத்திருப்பதற்குக் காரணம் இருக்கிறது. இரும்பின் சூட்டை அவர்கள் கண்ணால், நிறத்தைக்கொண்டு அளக்கிறார்கள். வெளிச்சத்தில் நிறம் ஏமாற்றிவிடும்.

மிருதுவான இரும்புப் பட்டையைச் செக்கச் செவேலென்று காய்ச்சினார். வெண்காரமும் இரும்புத் தூளும் கலந்த பொடியைத் தூவினார். அதன்மேல் ஒரு சிறு உருக்குத் துண்டை வைத்து மறுபடியும் உலையில் இட்டார். எடுத்து யந்திரச் சம்மட்டியின் கீழே கொடுத்தார். பொறி பறந்தது. இரும்பும் உருக்கும் ஒன்றாகிவிட்டன. உருக்கு வெட்டுவதற்கு; இரும்பு தாங்குவதற்கு. உருக்கு மட்டும் இருந்தால் கண்ணாடி மாதிரி உடைந்துபோகும். இரும்பு மட்டும் இருந்தால் மழுங்கிப்போகும். இல்லறத்துக்கு இதைவிட நல்ல உபமானம் கிடைக்காது என்று எனக்குத் தோன்றியது. நண்பர் பக்கத்தில் இருந்ததால் சொல்லவில்லை.

கத்தி உருவான பிறகு களிமண் பூசி, சுமார் எண்ணூறு டிகிரிச் சூட்டுக்குக் கொண்டுபோய், ஒரே முழுக்காகத் தண்ணீரில் தோய்ப்பார்கள். அந்த ஒரு விநாடியில் உருக்கு கடினமாகிறது. சூடு கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் அதுவரை பட்ட பாடு அத்தனையும் வீண். பிறகு இளஞ்சூட்டில் மறுபடி வாட்டி, அதன் முரட்டுத்தனத்தைத் தணிப்பார்கள்.

இந்த உருக்கு எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். ஷிமானே மாகாணத்து யாஸுகி ஊரில், நவீன ஆலையில் காய்ச்சியது என்றார். வெள்ளைக் காகித உருக்கு, நீலக் காகித உருக்கு என்று அதற்குப் பெயர்; ரகம் தெரிவதற்காக ஒட்டிய காகிதத்தின் நிறம்தான் பெயராகிவிட்டது. வாளுக்கு உரிய உருக்கோ வேறு. இரும்பு மணலையும் கரியையும் களிமண் உலையில் மூன்று பகல் மூன்று இரவு எரித்து எடுப்பது. அந்தப் பழைய உலைகள் மேல்நாட்டு உருக்கின் போட்டியில் அணைந்துபோயின. வாள் கலை அழியாமல் இருக்கவேண்டும் என்று 1977-ல் ஷிமானேயில் ஒரு உலையை மறுபடி மூட்டினார்கள். அதில் எடுக்கும் உருக்கு வாள்கொல்லர்களுக்கே போகிறது. ஆக, என் கதையின் கிழவன் வாளுக்குரிய உருக்கில் கத்தி அடித்தான். இன்றைய கத்தியிலோ அந்த உருக்குக்கூட இல்லை. பங்கு இருப்பது செய்முறையில் மட்டும். உருக்கையும் இரும்பையும் சேர்ப்பதும் நீரில் தோய்ப்பதும் அரிவாளுக்கும் உளிக்கும் இழைப்புளிக்கும் பொதுவானவை.

நண்பர் மூலமாகக் கடைசியில் அந்தக் கேள்வியைக் கேட்டேன். "ஐயா, உங்கள் முன்னோர்கள் வாள் அடித்தவர்களா?"

பெரியவர் சம்மட்டியை நிறுத்தினார். என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சிரித்தார். நண்பர் மொழிபெயர்த்தார்: "வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் எல்லோரும் இதையே கேட்கிறார்கள். ஆமாம் என்று சொன்னால் சந்தோஷப்படுகிறார்கள். என் தாத்தாவின் அப்பா புகையிலைக் கத்தி அடித்தார். அதற்கு முன்னால் யார் என்ன அடித்தார்களோ, எங்கள் வீட்டில் யாரும் எழுதி வைக்கவில்லை."

"உங்கள் பெயரைக் கத்தியில் எங்கே பொறிப்பீர்கள்?" என்று கேட்டேன்.

"நான் பொறிப்பதில்லை."

ஸகாயில் ஒரு கத்தியை ஒருவர் செய்வதில்லை. கொல்லர் அடித்துக் கொடுத்ததைச் சாணை பிடிப்பவர் வீட்டுக்கு எடுத்துப் போகிறார்கள். அவருக்கு அது ஒன்றே வாழ்நாள் தொழில். பிறகு மரப்பிடி செய்பவர். மக்னோலியா மரத்தில் பிடி, அதன் கழுத்தில் எருமைக்கொம்பு வளையம். கடைசியில் எல்லாவற்றையும் சேர்த்து விற்கும் வியாபாரியின் பெயர் கத்தியில் ஏறுகிறது. அடித்தவர் பெயர் பெரும்பாலும் இராது. 1982-ல் அரசாங்கம் ஸகாய்க் கத்தியைப் பாரம்பரியக் கைத்தொழில் என்று அங்கீகரித்தது. எச்சிஸென் 1979-லேயே அந்தக் கௌரவத்தைப் பெற்றுவிட்டது. வெளிநாட்டுக்காரர்கள் தேடி வந்து வாங்குகிறார்கள். ஆனால் பட்டறையில் நின்று பத்து வருஷம் நெருப்பைப் பார்த்துப் பழகப் பையன்கள் வருவது குறைந்துவிட்டது. பெரியவருக்குப் பக்கத்தில் இன்னொரு பட்டடைக் கல் சும்மா கிடந்தது. அது யாருடையது என்று நான் கேட்கவில்லை.

அன்று இரவு விடுதியில் தூக்கம் வரவில்லை. என் கதை என்ன செய்துவிட்டது என்பது அப்போதுதான் சரியாக விளங்கிற்று. அந்தப் பெரியவரின் கத்திக்கு மதிப்பு உண்டாக்குவதற்காக, அவருடைய பாட்டனாரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு வாள்கொல்லனை உட்கார்த்தி வைத்திருந்தேன். முள்ளங்கி நறுக்குவது மட்டும் போதாது, ஒரு காலத்தில் மனிதனை வெட்டியிருந்தால்தான் கத்திக்குக் குலப்பெருமை என்று நானும் நினைத்திருக்கிறேன்! தினமும் மூன்று வேளை சமைத்துப் போட்டு உயிரை வளர்க்கிற வேலையைவிட, எப்போதோ ஒருநாள் உயிரை வாங்குகிற வேலை உயர்ந்தது என்று யார் எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்?

ஊர் திரும்பும்போது நண்பர் ஒரு பெட்டியைக் கொடுத்தார். ஒரு ஸந்தோகுக் கத்தி. வீட்டுக்கு வந்ததும் என் மனைவி, "கத்தியையா பரிசாகக் கொடுப்பார்கள்? உறவு அறுந்துபோகாதா?" என்று கவலைப்பட்டாள். பெட்டியின் மூலையில் நடுவே ஓட்டை போட்ட மஞ்சள் நாணயம் ஒன்று இருந்தது. ஐந்து யென். ஜப்பானிலும் அதே கவலை உண்டாம். 'கோ-யென்' என்றால் ஐந்து யென். அதே ஒலிக்கு 'நல்ல உறவு' என்றும் பொருள். அறுக்கிற பொருளோடு கட்டுகிற பொருளையும் சேர்த்துக் கொடுத்துவிடுகிறார்கள். விஷயத்தைச் சொன்னதும் அவள் நாணயத்தை அஞ்சறைப்பெட்டியில் பத்திரமாக வைத்தாள்.

முதல் வாரமே ஒரு சங்கடம். எலுமிச்சம்பழம் நறுக்கிய கத்தியைக் கழுவாமல் வைத்துவிட்டேன். காலையில் பார்த்தால், விளிம்பில் செம்மண் நிறத்தில் துரு. யந்திரத்தில் செய்த துருப்பிடிக்காத கத்தி இதையெல்லாம் மன்னித்துவிடும். கையால் அடித்த இந்த உருக்கு மன்னிக்காது. வேலை முடிந்ததும் கழுவி, உடனே ஈரம் போகத் துடைத்துவிடவேண்டும். துருவைத் தேய்த்து எடுக்க எனக்கு ஒரு முழுக் காலைப்பொழுது ஆயிற்று. "அரிவாள்மணையைக் கழுவாமல் வைத்தாலும் இதே கதிதான். ஐம்பது வருஷமாக யார் துடைத்து வைத்தார்கள் என்று நினைத்தீர்கள்?" என்றாள் என் மனைவி. நான் பதில் சொல்லவில்லை. சரித்திரம் எழுதத் தெரியாதவன் என்று என்னைக் கண்டுபிடித்த இரண்டாவது வாசகர் அவள்.

அந்தச் சிறுகதை என் தொகுதியொன்றில் சேர்ந்து மறுபதிப்புக்கு வந்தபோது, எடுத்துவிடலாமா என்று யோசித்தேன். எடுக்கவில்லை, திருத்தினேன். வாள்கொல்லன் இருக்கிறான், உத்தரவு வருகிறது, அவன் அழுகிறான். மருமகள் முள்ளங்கியோடு வருகிறாள். ஆனால் இப்போது அவள் கத்தி கேட்பதில்லை. அவள் கையிலேயே ஒரு பழைய நாகிரி இருக்கிறது. அடுத்த தெரு அரிவாள்கொல்லன் அவள் மாமியாருக்கு அடித்துக் கொடுத்தது. தீட்டித் தீட்டிப் பாதியாகத் தேய்ந்தது. "மாமா, சாப்பிட வாருங்கள்" என்று மட்டும் சொல்லுகிறாள். கிழவன் அந்தக் கத்தியை முதல்முறையாகக் கையில் வாங்கிப் பார்க்கிறான்.

கதை முன்போல் சுவையாக இல்லை என்று பதிப்பாளர் அபிப்பிராயப்பட்டார். இருக்கலாம். நான் எழுந்து போய் அடுக்களையில் அந்தக் கத்தி துடைத்து வைத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தேன்.